பிரஷர் சரியாகிவிட்டதே, இனி எதற்கு இந்த மாத்திரை?

தென்காசியில் 24 ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்துகிறேன். தலைப்பில் உள்ள கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது என் கடை வாசலில் நின்று கேட்கிறார்கள். "போன மாதம் வாங்கியதையே கொடுங்கள் அம்மா, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் வேண்டாம், பிரஷர் சரியாகிவிட்டது" என்பார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் மெட்டோபிரோலால் என்றிருக்கும், அல்லது அட்டெனலால், பிசோபிரோலால், புரோப்ரனலால். எல்லாம் பீட்டா பிளாக்கர் என்னும் ஒரே குடும்பம். "இதை நீங்களாக நிறுத்தக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவந்தேன். சொல்லிவந்த என் வீட்டிலேயே அது நடந்தது.

2022 ஆகஸ்டில் மதுரையில் என் அத்தை தவறிவிட்டார். அப்பாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அக்காள். அப்பாவுக்கு அப்போது 74 வயது. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், 2014-இல் மாரடைப்பு வந்து பிழைத்தவர். அன்று முதல் தினமும் காலையில் மெட்டோபிரோலால் 50 மில்லிகிராம் எடுத்துவந்தார். துக்கச் செய்தி வந்த அவசரத்தில் அவருடைய பையில் மாத்திரைகளை நான்தான் எடுத்து வைத்தேன். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் மாதக் கணக்குக்கு இருந்தன. மெட்டோபிரோலால் ஓர் அட்டை, பத்து மாத்திரை. எப்படியும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பதினாறாம் நாள் காரியம் முடித்துத்தான் வருவேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

பத்தாம் நாள் அட்டை தீர்ந்தது. மறுநாள் அத்தை மகன் வீட்டிலிருந்த பிரஷர் கருவியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 126-க்கு 78. "மாமா, உங்களுக்கு வாலிப வயசுப் பிரஷர்" என்று அவன் சொல்ல, அப்பாவும் ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தெரு முனையில் மருந்துக் கடை இருந்தது. எனக்குப் போன் செய்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். துக்க வீட்டில் மாத்திரைக்காக யாரையும் அலைய வைக்க வேண்டாம் என்று நினைத்தாராம். அவர் குணம் அப்படி.

பதினான்காம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சு இறுக்கம். இடது தோள் வரை வலி, வியர்வை, நெஞ்சுக்குள் குதிரை ஓடுவதுபோல் படபடப்பு. மருத்துவமனையில் சேர்த்தபோது நாடித்துடிப்பு 116, ரத்த அழுத்தம் 178-க்கு 104. ஈசிஜியில் இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறி. நான் தென்காசியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் மருந்து கொடுத்து வலி அடங்கியிருந்தது. இரண்டு முறை எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் ட்ரோபோனின் உயரவில்லை, அதாவது இதயத் தசை சேதமாகவில்லை. மெட்டோபிரோலாலை மறுபடி தொடங்கினார்கள். அடுத்த நாள் காலை நாடி 72.

பணியில் இருந்த மருத்துவர் என்னிடம், "நான்கு நாள் விட்டதற்குத்தான் அம்மா இது" என்றார். எனக்குத் தெரியாத செய்தி இல்லை. தெரிந்திருந்தும் ஓர் அட்டையோடு அனுப்பியவள் நான் என்பதுதான் இன்று வரை உறுத்துகிறது.

கடையில் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் வந்துபோகும்போது இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் பயந்தாலோ ஓடினாலோ கோபப்பட்டாலோ உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அதுவும் அதன் உறவான நார்அட்ரினலினும் இதயச் செல்களின் மேலுள்ள சில வாசல்கள் வழியாகத்தான் தங்கள் கட்டளையைச் செலுத்துகின்றன. அவற்றில் ஒரு வகைக்குப் பெயர் பீட்டா. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை இருக்க வேண்டும் என 1948-இல் அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதினார். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் அதைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் கொண்டுசேர்க்க என்ன வழி என்று எல்லோரும் தேடியபோது, அந்த இதயத்தின் வேலையைக் குறைத்தால் இருக்கிற ரத்தமே போதுமே என்று அவர் யோசித்தார். அந்த யோசனையிலிருந்து 1960-களில் புரோப்ரனலால் பிறந்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடினும் அவருடைய வழியில் வந்ததுதான். இந்த இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் புரோப்ரனலால் கல்லீரலில் சிதைவது தாமதமாகி ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடும். ஒருவரே தந்த இரண்டு மருந்துகள், ஒரே வயிற்றில் சேரும்போது கவனம் வேண்டியிருக்கிறது.

பீட்டா பிளாக்கர் அந்த வாசல்களில் போய் அமர்ந்துகொள்கிறது. அட்ரினலின் வந்து தட்டினாலும் கதவு திறக்காது. இதயம் மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல் துடிக்கிறது. ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. வாசல் அடைபட்டிருக்கிறது என்று கண்டு, மாதக்கணக்கில் புதுப் புது வாசல்களை வைத்துக்கொண்டே போகிறது. மாத்திரை இருக்கும்வரை அவையும் அடைபட்டிருக்கும். ஒரு நாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் பழைய வாசல், புது வாசல் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட வேகமாக இதயம் அடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு மதுரையில் நடந்தது இதுதான், அதுவும் அக்காளைப் பறிகொடுத்த துக்கத்தில் அட்ரினலின் ஏற்கெனவே கூடியிருந்த நாட்களில்.

அதனால் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தாலும் ஒரே நாளில் நிறுத்தமாட்டார். அளவைப் பாதியாக்கி, பிறகு அதையும் குறைத்து, ஒன்று முதல் இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு இறக்குவார். அந்த நாட்களில் கடினமான வேலை செய்ய வேண்டாம், நெஞ்சுவலி வந்தால் உடனே வாருங்கள் என்பார்.

"பிரஷர் மாத்திரை" என்று நாம் வைத்திருக்கும் பெயர்தான் பாதித் தீங்கைச் செய்கிறது என்பது என் எண்ணம். என் கடைக்கு வருபவர்களையே எண்ணிப் பார்க்கிறேன். பீட்டா பிளாக்கரை ரத்த அழுத்தத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் இப்போது குறைவு. வேறு நோய் இல்லாமல் அழுத்தம் மட்டும் கூடியிருப்பவர்களுக்கு முதல் மருந்தாக வேறு வகைகளைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், இதயத் துடிப்பு தாளம் தப்பியவர்கள், இதயம் பலவீனமானவர்கள், இவர்கள்தான் அதிகம். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்கப் புரோப்ரனலால் சாப்பிடும் ஆசிரியை ஒருவர் உண்டு. கை நடுக்கத்துக்காக வாங்கும் தையற்காரர் உண்டு. தைராய்டு மிகையாகச் சுரந்து, அதற்கான கார்பிமசோல் வேலை செய்யத் தொடங்கும் சில வாரங்கள் வரை படபடப்பைத் தாங்க இதைச் சாப்பிட்ட கல்லூரிப் பெண் உண்டு. கைக்குழந்தையின் முகத்தில் ரத்த நாளங்கள் திரண்டு சிவந்த கட்டியாக வளர்வதற்கும் புரோப்ரனலால் கொடுக்கலாம் என்பதை 2008-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் எழுதிய பிறகு, அதற்கும் சீட்டு வருகிறது.

கல்லீரல் சுருங்கிய ஒருவரை என்னால் மறக்க முடியாது. உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து, அவை வெடித்துவிடாமலிருக்க அவருக்குப் புரோப்ரனலால் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது பிரஷர் மாத்திரை ஆயிற்றே, உங்களுக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். இவரும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆள் வராததைக் கவனித்து, அவருடைய மகனிடம் சொல்லி அனுப்பி மருத்துவரிடம் போகவைத்தேன். அந்த மகன் வேறு ஏதோ வாங்கக் கடைக்கு வராமல் போயிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

ஆட்கள் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் இரண்டு மாதம் ஒழுங்காக வாங்குவார்கள், மூன்றாம் மாதம் மற்ற மாத்திரைகளை வாங்கிக்கொண்டு இதை மட்டும் விட்டுவிடுவார்கள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த மருந்து சிலருக்குத் தாம்பத்தியத்தில் தளர்ச்சியை உண்டாக்கும். ஒரு பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வார்கள்? இப்போது அப்படிப்பட்டவர்களிடம் என் கணவரைப் பேசவைக்கிறேன். கல்லாவை என்னிடம் விட்டுவிட்டு அவர் வெளியே போய், திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசுவார். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், நெபிவலால்போல அந்தத் தொல்லை குறைவாக உள்ள ஒன்றுக்கு மாற்றலாம், அல்லது காரணம் சர்க்கரை நோயாகவோ மனக்கவலையாகவோ இருக்கலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. இதைப் படிக்கும் அண்ணன்மார் யாருக்காவது அந்தக் கூச்சம் இருந்தால், ஒரு காகிதத்தில் எழுதி மருத்துவரின் மேசையில் வைத்துவிடுங்கள். அவர்களுக்கு இது தினமும் கேட்கிற செய்தி.

களைப்பு, கைகால் சில்லிடுவது, கெட்ட கனவு ஆகியவையும் வரும். புரோப்ரனலால் மூளைக்குள் எளிதில் போகிறது, கனவுத் தொல்லை அதனால். பல பேருக்கு முதல் சில வாரங்களில் இருக்கும் களைப்பு பிறகு தணிந்துவிடும்.

இனி, நான் சீட்டைப் பார்த்தும் கொடுக்கத் தயங்கும் இடம். யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் என் கை நின்றுவிடுகிறது. பீட்டா வாசல்களிலும் இரண்டு வகை உண்டு: இதயத்தில் இருப்பது பெரும்பாலும் 'பீட்டா ஒன்று', மூச்சுக்குழாயில் இருப்பது 'பீட்டா இரண்டு'. மெட்டோபிரோலால், அட்டெனலால், பிசோபிரோலால் மூன்றும் முக்கியமாக முதல் வகையை அடைப்பவை, அளவு கூடினால் அந்த வேறுபாடும் மங்கிவிடும். புரோப்ரனலால் இரண்டையுமே அடைக்கும். மூச்சுக்குழாய் சுருங்கும். அந்த நேரத்தில் அவசரத்துக்கு உறிஞ்சும் சால்புட்டமால் இன்ஹேலர் வேலை செய்வதே பீட்டா இரண்டு வாசல் வழியாகத்தான். அந்த வாசலில் புரோப்ரனலால் உட்கார்ந்திருக்கும். காப்பாற்ற வந்தவனுக்கும் கதவு திறக்காது.

கடந்த ஆண்டு ஒரு தாய் வந்தார். மகளுக்கு 17 வயது, அடுத்த வாரம் அரங்கேற்றம். "மேடையில் கை நடுங்காமல் இருக்கப் புரோப்ரனலால் நல்லது என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள், இரண்டு மாத்திரை கொடுங்கள் அக்கா" என்றார். நடுக்கத்தை அது அடக்கும் என்பது உண்மை. அதனால்தான் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இதற்குத் தடை இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் கிம் ஜோங் சு இந்த மருந்து உடலில் இருந்ததற்காக ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் இழந்தார். நான் அந்த அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: "பிள்ளைக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததா?" இருந்ததாம். பத்து வயது வரை இன்ஹேலர் வைத்திருந்தாளாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது, இருந்தாலும் வேறெங்காவது வாங்கிவிடுவாரோ என்ற பயத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆடும் பெண்ணுக்கு இதயம் வேகமெடுத்தாக வேண்டும், அதைக் கட்டிப்போட்டால் தில்லானா வரை தாங்குமா என்றும் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்விதான் உறைத்தது. மாத்திரை இல்லாமலேயே அந்தப் பெண் ஆடினாள். எனக்கும் அழைப்பிதழ் வந்தது, போய் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

கண் சொட்டு மருந்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் சொட்டும் இதே குடும்பம், அதுவும் இரண்டு வாசலையும் அடைப்பது. கண்ணில் விட்ட சொட்டு மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. இரவெல்லாம் இளைப்பு என்று இருமல் மருந்து கேட்டு வந்த ஒரு பாட்டியின் சுருக்குப்பையில் அந்தச் சொட்டுக் குப்பி இருந்தது. கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லவில்லை, "கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் தாயி" என்றார். அன்றே திருப்பி அனுப்பினேன், சொட்டை மாற்றிக் கொடுத்தார்கள். ஆஸ்துமா இல்லாமல் டிமோலால் விடுகிறவர்களும், விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இறங்குவது குறையும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதை வைத்துத்தான் பழகியவர்கள் சட்டென்று ஏதாவது இனிப்பை வாயில் போட்டுக்கொள்வார்கள். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டு எச்சரிக்கையையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. ஆகவே காரணமில்லாமல் சட்டை நனைந்தால், உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள், கருவி இல்லையென்றால் முதலில் இனிப்பைக் கொடுங்கள்.

மருந்தோடு மருந்து மோதுவதில் எனக்கு மிகவும் பயம் வெராபமிலும் டில்டியசெமும். அவையும் இதயத்தை மெதுவாக்குபவை. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதி, இரண்டு கடைகளில் வாங்கினால் யாருக்கும் தெரியாமல் நாடி மிகவும் இறங்கிவிடும். முழங்கால் வலிக்கு நாமாக வாங்கித் தின்னும் ஐபுபுரோஃபென் போன்றவை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பலனைக் கெடுக்கும். பல் பிடுங்கப் போனால் அந்த மருத்துவரிடமும் சொல்லுங்கள், மரத்துப்போக வைக்கும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று இந்த மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள் பலர். மயக்க மருத்துவரைக் கேட்காமல் விடக் கூடாது.

கடைக்காரரும் தவறு செய்யும் இடம் ஒன்று. மெட்டோபிரோலாலில் டார்ட்ரேட், சக்சினேட் என்று இரண்டு உண்டு. டார்ட்ரேட் சீக்கிரம் கரைந்து சீக்கிரம் தீர்வது, பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சக்சினேட் மெல்ல மெல்லக் கரைவது, ஒரு வேளை போதும். ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். மெல்லக் கரையும் மாத்திரையை இடித்தோ மென்றோ சாப்பிட்டால் ஒரு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம், பொடியாக்கக் கூடாது. போதாததற்கு மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் என்று "மெட்" வரிசை வேறு. பெயரில் பாதியைச் சொல்லி எந்தக் கடையிலும் மருந்து கேட்காதீர்கள், பழைய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். அளவு மீறினால் இந்த மருந்து, முக்கியமாகப் புரோப்ரனலால், உயிரைப் பறிக்கும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அட்டையைச் சாமி அலமாரியில் கைக்கு எட்டுகிறபடி வைக்கிற வழக்கத்தை விடுங்கள்.

இப்படியெல்லாம் சொல்வதால், தொடங்கியவர்கள் எல்லோரும் ஆயுள் முழுதும் விழுங்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்ப் வலிமை குறையாமல் இருப்பவர்களுக்கு இது உண்மையில் தேவையா என்று இப்போது மருத்துவ உலகமே கேட்கிறது. சுவீடனை மையமாகக் கொண்டு சுமார் 5,000 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு இதனால் பெரிய பலன் தெரியவில்லை. அதே ஆண்டு பிரான்சில் வெளியான இன்னோர் ஆய்வு, நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் நிறுத்திப் பார்த்தபோது, தொடர்வதைப் போலவே நிறுத்துவதும் பாதுகாப்பானது என்று நிறுவ முடியவில்லை என்றது. ஆகவே "எனக்கு இன்னும் வேண்டுமா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். என் வாடிக்கையாளர்களிடம் நானே அதைக் கேட்கச் சொல்கிறேன். எக்கோ எடுத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அப்பாவும் கேட்டார். அவருடைய ரத்தக் குழாயில் இன்னும் அடைப்பு மீதி இருக்கிறது, நெஞ்சுவலி வரும் உடம்பு, எனவே தொடர வேண்டும் என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். அப்பாவுக்குக் காரணம் தெரிந்ததும் மனம் அமைதியாகிவிட்டது. அதுவரை ஏன் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மகளாகிய நானும் சொன்னதில்லை.

இப்போது அவர் எங்கே கிளம்பினாலும் போகிற நாளைப்போல இரண்டு மடங்கு மாத்திரை, சட்டைப்பையில் ஓர் அட்டை, பையில் ஓர் அட்டை. மாலை ஏழு மணிக்குக் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவேன். 50-க்குக் கீழே இறங்கினாலோ தலைசுற்றினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஒரு நோட்டில் எழுதி வருகிறார், ஓட்டுநராக இருந்தபோது கிலோமீட்டர் கணக்கு எழுதிய அதே கட்டம் கட்டிய எழுத்தில். நேற்று 62.